பாதை தாழுது

சம்பந்தியம்மா புஸ்பத்தின் வலது காலைப் பாதை விழுங்கிய அன்றுதான் கதிர்காமத்தம்பியின் வாழ்க்கையில் தமிழ் குறுக்கிட்டது. அதுவரை அவர் அதைப் பேசிக்கொண்டு மட்டும் இருந்தார்.

பாதை என்றால் வெளியூர்க்காரர் தெருவென்று நினைப்பர். மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் உள்ளவர்களுக்குப் பாதை என்பது மிதப்பது. இரண்டு இரும்புத் தோணிகளை அருகருகே பிணைத்து, மேலே பலகை பரப்பி, கரைக்குக் கரை கட்டிய கம்பியைப் பிடித்து இழுத்தால் அது பாதை. மாடு, மோட்டார் சைக்கிள், நெல் மூடை, பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் மேற்கே படுவான்கரையிலிருந்து கிழக்கே எழுவான்கரைக்குப் போவதும் வருவதும் அதில்தான். தில்லைமுனைத் துறையில் அதை இழுப்பவர் ஏறாவூர்ப் பக்கீர்.

புஸ்பம் எழுவான்கரையில் செட்டிபாளையத்துக்காரி. மகன் நிலோஜனுக்குப் படுவான்கரையில் கதிர்காமத்தம்பியின் மகள் விதுர்ஷாவைப் பேசி, நாளும் வைத்து, பலகாரமும் தின்று, சந்தோசமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது நடு வாவியில் ஒரு பலகை அவருக்கு வழிவிட்டது. கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று.

"அக்கா, அசையாம நில்லுங்க," என்றார் பக்கீர். "அசைஞ்சா மத்தக் காலும் போயிரும். மறுகா உங்களத் தூக்க எங்களுக்குப் பிடி இல்ல."

கரை சேர்ந்ததும் புஸ்பம் காலைத் தடவிக்கொண்டே, வழியனுப்பக் கூட வந்த கதிர்காமத்தம்பியிடம் சொன்னார்:

"சம்பந்தி, உங்கட புள்ள தங்கம். அதில குறை சொல்லல்ல. ஆனா இந்தப் பாதைய நல்லாக்கினாத்தான் நான் இனி ஆத்தக் கடப்பன். நான் கடக்காம என்ட மகன்ட கலியாணம் நடக்காது. ஆவணிக்குள்ள ஆகல்லெண்டா எங்களுக்கு இஞ்சால கரையிலயே ஒரு இடம் வந்து கிடக்கு."

தரைவழி ஒன்று இருந்தது. மாரி வெள்ளத்தில் அதன் மதகு போய்விட்டது. மதகு 'உடைந்ததா' அல்லது 'உடைபட்டதா' என்பது தீர்மானமாகும்வரை அவ்விடத்தில் ஒரு சிவப்புத் துணி கட்டப்பட்டிருக்கிறது. துணியும் இப்போது வெளிறி, எந்த நிறம் என்று தீர்மானிக்க முடியாத நிலையில் உள்ளது.

கதிர்காமத்தம்பி பிரதேச சபைக்குப் போனார். தவிசாளர் கதிரை போட்டு இருத்தினார். அதுவே கெட்ட சகுனம்.

"பலகை வந்து கிடக்கு அண்ணன். ஆணி கிடக்கு. தச்சர் காலையில வந்து பின்னேரம் போறார். சொல்லுத்தான் வரல்ல."

"ஆர்ர சொல்லு?"

"அலகுட சொல்லு."

அலகு என்றால் கீழ்நோக்குச் சொற்கள் நிர்ணய அலகு. நாட்டில் பல பொருட்கள் ஒரே காலத்தில் பழுதாகத் தொடங்கியபோது ஒவ்வொரு கந்தோரும் தன் வாய்க்கு வந்த சொல்லைப் பாவித்தது. ஆஸ்பத்திரிக் கூரை 'சரிந்தது'. ரூபாயும் 'சரிந்தது'. ஒரு பெரிய மனிதரின் செல்வாக்கும் 'சரிந்தது'. திருத்த அனுப்பப்பட்ட மேசன்மார் எந்தச் சரிவுக்குப் போவதென்று தெரியாமல் பெரிய மனிதரின் வீட்டுக்குப் போய் மதில் கட்டிவிட்டு வந்தார்கள். இத்தகைய குழப்பம் இனி நேரக்கூடாதென்று அலகு பிறந்தது. எந்தப் பொருளும் எந்தச் சொல்லால் மோசமாகியிருக்கிறது என்று அலகு அத்தாட்சிப்படுத்தும்வரை அதில் ஓர் ஆணியும் அடிக்கக் கூடாது.

அலகின் வாசற்படிகளில் ஒன்று இல்லை. அவ்விடத்தில் 'இடைவெளி' என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். மின்விசிறியில் 'ஓய்வு நிலை' என்றிருந்தது. மலசலகூடக் கதவில் 'மீளாய்வு'. கதிர்காமத்தம்பி இருக்கப் போன கதிரைக்குக் கால் மூன்று. அதன் முதுகில் 'பகுதியளவில் நிற்கக்கூடியது' என்று அழகான எழுத்தில் இருந்தது. சுவரில் பணிப்பாளரின் படம். அதன் கீழே அவருடைய பொன்மொழி: 'சரியான சொல்லே பாதித் திருத்தம்.' மீதிப் பாதிக்கு இன்னும் ஆளணி அனுமதிக்கப்படவில்லை.

முறைப்பாடு எழுதும் கருமபீடத்தில் நிஸ்றா என்ற பிள்ளை இருந்தது. நல்ல பிள்ளை. அந்தக் கந்தோரில் ஆட்களின் முகத்தைப் பார்த்துக் கதைப்பது அவள் மட்டும்தான்.

"என்ன நடந்திரிக்கி ஐயா?"

"பாதை மோசம் தங்கச்சி."

நிஸ்றா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அதச் செல்லாதீங்க. மோசம் எண்டா ஏமாத்து. மோசம் போனான், மோசடி செஞ்சான்... நேரா பொலிசுக்குப் போயிரும். போன மாசம் ஒராள் 'எங்கட கிணறு மோசம்' எண்டு எழுதிக் குடுத்தார். கிணத்தச் சுத்தி மஞ்சள் நாடா கட்டிட்டாங்க. கிணறு ஆர ஏமாத்தின எண்டு இன்னும் விசாரிக்காங்க. வேற சொல்லு செல்லுங்க."

கதிர்காமத்தம்பி யோசித்தார். வயல் வட்டையில் நீர் பாயாவிட்டால் என்ன செய்வதென்று அவருக்குத் தெரியும். மாட்டுக்குக் குளம்பு வீங்கினால் தெரியும். பலகைக்குச் சொல் தேடியது இதுதான் முதல் தடவை.

"உக்கிப் போச்சு," என்றார்.

"ஆ, அது சின்னச் சொல்லு. கெதியாப் போகும்."

கெதியாகத்தான் போயிற்று. விவசாயத்துக்குப் போயிற்று. அலகின் அகராதிப்படி உக்குவது பசளை. ஓர் உத்தியோகத்தர் லொறியோடு துறைக்கு வந்து, பாதைப் பலகையில் ஒரு துண்டைப் பிய்த்து, உள்ளங்கையில் கசக்கி, மணந்து பார்த்தார். அவருடைய கண் கலங்கிவிட்டது.

"சுத்தமான சேதனம்! ஒரு துளி இரசாயனம் இல்லை! இரசாயன உரத்தைத் தடைசெய்த அந்த ஒரு போகத்தில் நாடு முழுக்கத் தேடினோம், இப்படி ஒன்று கிடைக்கவில்லை."

உக்கிய பலகைகளையெல்லாம் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். கதிர்காமத்தம்பிக்கு நாட்டுக்கு உதவியவர் என்று கைகொடுத்தார். பக்கீர் பாதையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு விசயத்துல நல்லம் அண்ணன். முந்தி ஓட்டை எங்க எண்டு தெரியாது. இப்ப வடிவாத் தெரியுது."

வீட்டில் இலட்சுமிப்பிள்ளை உலையை வைத்துவிட்டுக் கணவனை எதிர்பார்த்திருந்தாள்.

"என்னோட சண்டை பிடிக்கக்க எத்தினை சொல்லு வருது உங்களுக்கு? அதுல ஒண்டக் குடுக்கக் கூடாதா? கெட்டுப் போச்செண்டு சொல்லுங்க. அதவிடச் சின்னப் புள்ளைக்கும் வெளங்கிற சொல்லு இரிக்கா?"

அதையும் போய்ச் சொன்னார். அலகின் அகராதியில் கெட்டுப்போவது உணவு. மறுநாளே சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. மோட்டார் சைக்கிளில் வந்தார். பாதை எப்போது தயாரிக்கப்பட்டது, காலாவதித் திகதி எங்கே, மூடி வைத்திருந்தீர்களா, ஈ மொய்த்ததா என்று கேட்டார். பிறகு கதிர்காமத்தம்பியின் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"இதை யாராவது உட்கொண்டீர்களா?"

"இல்ல சேர்," என்றார் கதிர்காமத்தம்பி. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். "இதுதான் சம்பந்தியம்மாட கால உட்கொண்டது."

பி.எச்.ஐ. அதையும் எழுதிக்கொண்டார். 'மனித நுகர்வுக்கு உகந்ததல்ல' என்ற சிவப்பு ஒட்டியைப் பாதையின் நெற்றியில் ஒட்டிவிட்டுப் போனார். அன்று முழுவதும் பாதையில் ஏறிய மாடுகள் அந்த ஒட்டியை நக்கிப் பார்த்துக்கொண்டே போயின.

ஆடி பிறந்தது. மேலே பாதிப் பலகை இல்லாததால் அலையடித்த தண்ணீரெல்லாம் இரும்புத் தோணிக்குள் போய், பாதை இடப்பக்கம் சாய்ந்து நின்றது. பக்கீர் பேணியால் தண்ணீரை அள்ளி ஊற்றிக்கொண்டே சொன்னார்:

"அண்ணன், அகராதியெல்லாம் விடுங்க. கண்ணுக்குத் தெரியிறதச் செல்லுங்க. பாதை தாழுது."

கதிர்காமத்தம்பி அதைத்தான் சொன்னார். நிஸ்றா அதைத்தான் எழுதினாள். எழுதியது மட்டக்களப்பில். வாசித்தது வேறெங்கோ. அங்கே பாதை என்றால் என்னவென்று தெரிந்த ஒருவரும் இல்லை. அல்லது, எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒரு கிழமைக்குள் துறையில் தார் மணந்தது. ரோலர் வந்து நின்றது. வீதிப் பொறியியலாளர் வெள்ளைத் தொப்பியோடு இறங்கினார்.

"எங்கே பாதை?"

"இந்தா நிக்கிது சேர்."

"அது தண்ணீர்."

"தண்ணிக்கு மேல நிக்கிறது சேர்."

பொறியியலாளர் கையிலிருந்த உத்தரவைப் பார்த்தார். பாதையைப் பார்த்தார். மறுபடி உத்தரவைப் பார்த்தார். அது பெரிய கையெழுத்தோடு இருந்தது.

"'பாதையின் ஒரு பக்கம் தாழ்ந்துள்ளது. மட்டப்படுத்திக் காபட் இடவும்.' சரிதானே? பாதை இருக்கிறது. ஒரு பக்கம் தாழ்ந்தும் இருக்கிறது."

"அதுக்குக் கீழ ஆறு சேர்!"

"பெரியவர், கீழே என்ன இருக்கிறது என்று நாங்கள் பார்ப்பதில்லை. எமது பொறுப்பு மேற்பரப்பு."

ஓட்டைகளின் மேல் இரும்புத் தகடு வைத்தார்கள். தாழ்ந்த பக்கத்துக்குச் சமமாக உயர்ந்த பக்கத்தில் கிறவல் மண் கொட்டித் தாழ்த்தினார்கள். அதன் மேல் தார்க் காபட் போட்டார்கள். ரோலர் ஏறும்போது மட்டும் பாதையைக் கரையோடு கட்டி, ஊரார் சாமியைக் கும்பிட்டார்கள். நடுவில் வெள்ளைக் கோடு. மாடுகள் வேகமாகப் போகாதிருக்க ஒரு வேகத்தடை. ஓரத்தில் ஒரு கிலோமீற்றர் கல். கல்லில் என்ன தூரம் எழுதுவதென்று கேட்டபோது, பாதை நகர்வதால் இரண்டு பக்கமும் வெறுமையாக விடும்படி மேலிடத்திலிருந்து பதில் வந்தது.

பாதை மிக அழகாக இருந்தது. ஆட்கள் அதில் நின்று படமெடுத்தார்கள். தண்ணீர் மட்டும் முன்பு விளிம்புக்கு ஒரு முழம் கீழே இருந்தது, இப்போது நான்கு விரல் கீழே இருந்தது. பக்கீர் கம்பியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு வேர்வையைத் துடைத்தார்.

"அண்ணன், இது பாதை மாதிரித் தெரியல்ல. முழு நாட்டையும் கம்பியில கட்டி இழுக்கிற மாதிரிக் கிடக்கு."

அன்று பின்னேரம் நிலோஜன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"மாமா, அம்மா கேக்கிறா. பாதை நல்லாயிட்டா?"

"மேல நல்லாயிரிக்கி மகன்."

"கீழ?"

"கீழ இன்னும் சொல்லு வரல்ல."

அந்தப் பக்கத்தில் ஒரு கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு அவன் மெதுவாகச் சொன்னான்: "மாமா, எப்பிடியாவது பாருங்க. அம்மா மத்த இடத்துப் புள்ளைட படத்த மேசையில வச்சிரிக்கா. நான் கவுத்து வைக்கன், அவ நிமித்தி வைக்கா."

பின்னால் நின்ற விதுர்ஷா விளக்குமாற்றை எடுத்தாள். முற்றத்தைக் கூட்டப் போனாள். ஏற்கனவே கூட்டிய முற்றம். ஈர்க்கு முறிகிற அளவுக்குக் கூட்டினாள்.

கதிர்காமத்தம்பி கடைசி முறையாக அலகுக்குப் போனார். கருமபீடத்துக்கு முன்னால் நின்று வாயைத் திறந்தார். ஒரு சொல்லும் வரவில்லை. கண்ணால்தான் வந்தது. நிஸ்றா எழும்பி, உள்ளே போய், வந்து சொன்னாள்:

"ஐயா, சொல்லே இல்லாத முறைப்பாடு இதுதானாம் முதல் தடவை. பணிப்பாளர் சேர் நேரா வாறாராம். கள நிர்ணயம்."

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை பணிப்பாளர் எழுவான்கரைத் துறைக்கு எழுந்தருளினார். ஒலிபெருக்கி வந்தது. குத்துவிளக்கு வந்தது. பிளாஸ்டிக் கதிரைகளை வெள்ளைக் கோட்டின் இரு மருங்கும் அடுக்கினார்கள். அலகின் உத்தியோகத்தர் அனைவரும் பாதையில் ஏறினார்கள். சபைத் தவிசாளர் ஏறினார். முறைப்பாட்டுக்காரராகக் கதிர்காமத்தம்பியும் ஏறினார். மாலை போடுபவர்கள் ஏறினார்கள். அகராதிகள் ஒரு பெட்டியில் ஏறின. புஸ்பம் ஏறவில்லை. கரையில் ஒரு கதிரையைப் போட்டு, குடையை விரித்து, கொறிப்பதற்குக் கச்சானும் வாங்கி வைத்துக்கொண்டு இருந்தார்.

பக்கீர் சிரமப்பட்டு இழுக்க, பாதை கரையிலிருந்து ஒரு தென்னை நீளம் விலகியது. பணிப்பாளர் வேகத்தடையின் மேல் ஏறி நின்று ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"என் இனிய மக்களே! நாட்டில் எல்லாம் மோசமாகிறது என்று சிலர் கூச்சலிடுகிறார்கள். எமது அலகு ஆரம்பித்த நாளிலிருந்து இந்த மாவட்டத்தில் ஒரு பாலமாவது 'இடிந்து விழுந்ததா'? இல்லை! அத்தனையும் 'சமதரை எய்தின'. ஒரு பாடசாலைக் கூரையாவது 'ஒழுகியதா'? இல்லை! 'மழைநீருடனான தொடர்பை வலுப்படுத்தின'. என்னை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு வந்திருப்பது முதுமையல்ல, 'அனுபவச் செறிவு'. என் பிள்ளைகள் வெளிநாட்டில் படிப்பது ஏன் என்று கேட்கிறார்கள். இங்குள்ள கல்வியைப் பற்றி நானே சொல் எழுதுகிறேன், எனக்குத் தெரியாதா?"

கைதட்டல் எழுந்தது. தட்டிய அதிர்வில் பாதையின் அடியில் எங்கோ 'குளுக்' என்றது.

"இப்போது," என்றார் பணிப்பாளர், "இந்தப் பாதைக்குரிய சொல்லை விஞ்ஞானபூர்வமாக நிர்ணயிப்போம். உத்தியோகத்தர்களே, அவதானிப்பைச் சொல்லுங்கள்."

"சேர், காலடியில் ஈரலிப்பு அதிகரிப்பு."

"நல்லது. அடுத்தது?"

"கரை உயர்ந்து வருகிறது சேர்."

"சிறப்பு! உயர்வு! எழுதிக்கொள்ளுங்கள்!"

"சேர்," என்றாள் நிஸ்றா, "கரை உயரல்ல..."

'குளுக், குளுக், குளுக்' என்றது பாதை. அகராதிப் பெட்டி வெள்ளைக் கோட்டின் மேலாக மெல்ல நகர்ந்து போய்ப் பணிப்பாளரின் காலை முட்டியது. அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் அகராதி ஏதும் இல்லை.

"தாழுது! ஐயோ, தாழுது! பாதை தாழுது!"

ஒலிவாங்கி வேலை செய்துகொண்டிருந்ததால் இரண்டு கரைக்கும் கேட்டது. கதறியபடியே அவர் வாவிக்குள் பாய்ந்தார்.

பக்கீர் கம்பியை விடாமலே திரும்பிப் பார்த்தார்.

"சேர், அந்தச் சொல்லு உங்கட இல்லியே. அது வீதித் திணைக்களத்துட."

ஆவணி மாதத்து வாவி இடுப்பளவு. பாதை ஒரு பெருமூச்சு விட்டு, சேற்றில் குந்தி, நின்றது. காபட் தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் காய்ந்தபடி இருந்தது. குத்துவிளக்கும் அணையவில்லை. பாதையில் நின்ற ஒருவருக்கும் கால் நனையவில்லை. நனைந்தது பாய்ந்தவர் மட்டும். இடுப்பளவு நீரில் தலையில் சல்வினியா நீர்க்களையோடு நின்ற பணிப்பாளரைப் பார்த்து, குறிப்பெடுக்கும் உத்தியோகத்தர், 'பணிப்பாளர் நீர்ச்சூழலுடன் ஒருங்கிணைந்தார்' என்று எழுதினார்.

கரையில் கச்சான் கொறிப்பது நின்றது. புஸ்பம் எழும்பிப் பக்கீரைப் பார்த்துக் கத்தினார்:

"காக்கா! இனியும் தாழுமா அது?"

"இனித் தாழுறதெண்டா பூமி தாழோணும் அக்கா!"

"ஆடுதா?"

பக்கீர் குதித்துக் காட்டினார். தவிசாளரையும் குதிக்கச் சொன்னார். அவர் பாரமான மனிதர். பாதை அசையவில்லை.

புஸ்பம் ஒரு தோணிக்காரனைக் கூப்பிட்டு, கரையிலிருந்து பாதைவரை தோணிகளை வரிசையாகக் கட்டி மேலே பலகை போடச் செய்தார். சபைக் களஞ்சியத்தில் சொல்லுக்காகக் காத்துக் கிடந்த அதே பலகை. தவிசாளர் மறுக்க வாயெடுத்தார். பலகை போட்டால்தான் அவரும் கரைக்கு வரலாம் என்று தெரிந்ததும் தச்சருக்குத் தானே போன் அடித்தார். புஸ்பம் குடையோடு நடந்து போய், வலது காலால் காபட்டை ஒரு மிதி மிதித்தார். மறுபடியும் மிதித்தார். பழைய கணக்குத் தீர்ந்த முகத்தோடு கதிர்காமத்தம்பியைப் பார்த்தார்.

"சம்பந்தி, இப்பத்தான் இது பாதை. இனிமேப்பட்டு மோசமாக ஏலாத சாமானிலதான் எனக்கு நம்பிக்கை. தாலி இதிலயே கட்டட்டும். மறுகா தோணியில ஏறி உங்கட ஊட்டுக்குப் போறது பொடியன்ட பாடு."

அப்படித்தான் நடந்தது. படுவான்கரையிலிருந்து பொம்பிளை வீட்டார் தோணியில் வந்தார்கள். எழுவான்கரையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பலகையில் நடந்து வந்தார்கள். வெள்ளைக் கோட்டின் அங்கால் பக்கம் அவர்கள், இஞ்சால் பக்கம் இவர்கள். ஐயர் வேகத்தடையில் இருந்து மந்திரம் சொன்னார். கிலோமீற்றர் கல்லில் கும்பம் வைத்தார்கள். வெறுமையாக விட்ட கல்லுக்கு இதைவிட நல்ல உபயோகம் அதுவரை வந்ததில்லை. நிலோஜன் தாலி கட்டும்போது ஒருமுறை குனிந்து காபட்டைப் பார்த்தான். விதுர்ஷா குனிந்த தலையோடு, "பயப்படாதீங்க, இனித் தாழாது," என்று முணுமுணுத்தாள்.

கெட்டிமேளம் ஓய்ந்த நேரத்தில் நிஸ்றா ஒரு கடித உறையோடு தோணியில் வந்து இறங்கினாள். சீலை நுனி நனைந்திருந்தது. அலகின் முடிவு வந்துவிட்டது. உரிய தரப்பின் முன்னிலையில் உரத்து வாசிக்க வேண்டுமென்பது விதி. வாசித்தாள்.

"'மேற்படி பாதை, மேலும் கீழ்நோக்கிச் செல்லும் ஆற்றலை முற்றாக இழந்துள்ளமை கள நிர்ணயத்தின்போது உறுதிப்படுத்தப்பட்டது. ஆகவே அது நிலைபேறு அடைந்துள்ளதென இத்தால் அத்தாட்சிப்படுத்தப்படுகிறது.'"

ஐயருக்கு அது வாழ்த்துப் போலவே கேட்டது. அட்சதை தூவினார். எல்லோரும் தூவினார்கள்.

கதிர்காமத்தம்பி தலையில் அரிசியோடு நிஸ்றாவின் பக்கத்தில் போய் நின்றார்.

"தங்கச்சி, சொல்லுத்தான் வந்திட்டே. இனிப் பாதையத் தூக்கித் திருத்துவாங்களா?"

நிஸ்றா கடிதத்தை மடித்தாள். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது.

"நிலைபேறு நல்ல சொல்லு ஐயா. நல்லா இரிக்கிறதத் திருத்தச் சட்டத்துல இடமில்ல."

பாதை இன்னும் அங்கேதான் குந்தியிருக்கிறது. பக்கீர் தோணி ஓட்டுகிறார். பணிப்பாளருக்குப் பதவி உயர்வு கிடைத்து, கொழும்பில் இன்னும் பெரிய பொருட்களுக்குச் சொல் நிர்ணயிக்கிறார். அலகு எங்கள் பகுதிக்கு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்பவர்கள் நன்றி கெட்டவர்கள். தமிழுக்கு இல்லாத ஒரு சொல்லைத் தில்லைமுனைக்குத் தந்துவிட்டுத்தான் போனது.

கலியாணத்துக்கு மூன்றாம் நாள், மிஞ்சிய மீன்கறிச் சட்டியைத் திறந்த இலட்சுமிப்பிள்ளை, மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துப் பக்கம் கத்தினாள்:

"இஞ்ச பாருங்க! கறி நிலைபேறாப் போச்சு! நாய்க்குக் கொட்டிட்டு வாங்க!"